வெறும் டிஸ்க்

பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் புதிய விண்டோஸ் ஏறாது, ஜிபிடி என்ற புதுப் பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டேன். மாற்றும் அவசரத்தில் டிஸ்க்கில் இருந்த அனைத்தையும் அழித்தும்விட்டேன். வேலை வெற்றி என்று லேப்டாப் பாராட்டுகிறது. தகரக் கூரை வெயிலில் முறுகுகிறது. லேப்டாப்புக்குச் சொந்தக்காரரான கன்னையா மாமா சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருகிறார். "மொதல்ல மக கல்யாண வீடியோவ போடுங்க தம்பி. செத்துப்போன ஒங்க அத்த இப்ப அதுல மட்டுந்தான் சிரிக்கிறா." வாசலில் பக்கத்து வீட்டு பிரேமலதா அக்கா, "பெல்மதுளை டவுன் கடையில ஒரு வாரம் கேட்டானுக. கெம்பஸ்ல படிக்கிற நம்ம தொர ஒடனே முடிச்சிட்டாரு" என்கிறார். "கொஞ்சம் லேட்டாகும் மாமா" என்கிறேன். "ஆகட்டும், வேர்க்குது பாருங்க" என்று அட்டைத் துண்டால் எனக்கு விசிறத் தொடங்குகிறார். ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தபடி எண்டரைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன்.