நாலு மணிக்கு வருகிறவர்

கறுப்புக் கண்ணாடிக்காரர் இன்றைக்கும் வந்துவிட்டார். மண்டையைப் பிளக்கிற வெயிலில் காது வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க். வெளியே தெரிந்தது இரண்டு கைகள் மட்டும்தான்.

போர் நினைவிடத்துக் காவல்காரி அவர் மீதிருந்த கண்ணை எடுக்கவில்லை. தலைநகரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடம். போன மாதம் எவனோ மதில் சுவரில் பெயிண்டை ஊற்றிவிட்டு ஓடியதற்கு, அன்றைக்கு வேலையில் இருந்தவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான்கு நாளாக இந்த ஆளை அவள் கவனித்து வருகிறாள். மற்றவர்களைப் போல அவர் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. அணையா விளக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வெண்கலச் சிலைக்கு எதிரே இருக்கும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

பாலத்தில் தனி ஆளாக நின்று எதிரிகளைத் தடுத்து, தன் கூட்டத்தைத் தப்பவிட்டுச் செத்துப்போன சிப்பாயின் சிலை அது. வளைந்த மூக்கும் நடுவில் குழி விழுந்த முகவாயுமாக, ஆறு வருடமாக அவள் தினமும் பார்க்கிற முகம்.

சரியாக நாலு மணிக்கு ‘நாலு மணி அம்மா’ வந்தார். காவலாளிகள் வைத்த பெயர் அது. அந்தச் சிப்பாயின் மனைவி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சிலை திறந்த நாளிலிருந்து வருகை தவறியதில்லை.

எப்போதும் போல, பீடத்தில் வெட்டியிருந்த பெயரை விரலால் எழுத்தெழுத்தாகத் தடவினார். நிமிர்ந்து மேலே பார்க்க மாட்டார். கழுத்து வலியாக இருக்கும், பாவம்.

கறுப்புக் கண்ணாடி இப்போது அந்த அம்மாவின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் ஒரு அடி நகர்ந்தால், இவரும் தூணைச் சுற்றி ஒரு அடி நகர்ந்தார்.

காவல்காரி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். “சார், அந்த ஆளு நேத்து அந்தம்மா பின்னாடியே பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாரு. இன்னைக்கும் அவங்களையே நோட்டம் விடுறாரு.”

“கையில ஏதாவது வச்சிருக்காரா?” மேற்பார்வையாளரின் குரல் கரகரத்தது.

“ஒண்ணுமில்ல சார்.”

“அப்ப போய் விசாரி. சத்தம் போட்டுக் கூட்டத்தைச் சேத்துடாத.”

நாலு மணி அம்மா குடையை விரித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கண்ணாடிக்காரரும் தூணை விட்டுக் கிளம்பினார். காவல்காரி குறுக்கே போய் நின்றாள்.

“எங்க சார் கிளம்பிட்டீங்க? அந்தக் குல்லாவையும் மாஸ்க்கையும் கொஞ்சம் கழட்டுங்க.”

“உடம்பு சரியில்லம்மா.”

“உடம்பு சரியில்லாதவருக்கு நாலு நாளா இங்க என்ன வேலை? அந்தம்மா பின்னாடி எதுக்குப் போறீங்க?”

அவர் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கழட்டுறீங்களா, இல்ல போலீசைக் கூப்பிடட்டுமா?”

“அவங்க வெளிய போயிடட்டும். கழட்டிடுறேன்.”

சரிதான், ஆள் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். காவல்காரி அசையாமல் நின்றாள். வாசல் திருப்பத்தில் குடை மறைந்தது. கண்ணாடி, குல்லா, மாஸ்க் என்று அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அவள் அவரைப் பார்த்தாள். சிலையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அதே வளைந்த மூக்கு, முகவாயில் அதே குழி. நரையும் சுருக்கமும்தான் கூடுதல்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. “அடப் பாவி மனுஷா! நீங்க சாகவே இல்லையா? கட்டினவங்க தினமும் வந்து கல்லைத் தடவிட்டுப் போறாங்க, நீங்க ஒளிஞ்சு நின்னு வேடிக்கை பாக்குறீங்களா?”

“ஐயோ, நான் அவங்க புருஷன் இல்லம்மா!” அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். “நானும் அவனும் ஒரே படைப்பிரிவு. பாலத்துல எனக்குக் கால்ல குண்டு பட்டுச்சு. அவன்தான் என்னைத் தூக்கிட்டு வந்து இந்தப் பக்கம் போட்டுட்டு, திரும்பிப் போய் நின்னான். நான் பொழச்சுக்கிட்டேன்.”

“அப்ப சிலையில இருக்கிறது?”

“நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ பழைய ஃபைல்ல இருந்திருக்கு. அதைத்தான் சிலை செஞ்சவர்கிட்ட குடுத்திருக்காங்க. ஆள் மாறிப் போச்சு.” அவர் சிலையை நிமிர்ந்து பார்த்தார். “போன மாசம் பேத்தி பாடப் புத்தகத்துல இந்தச் சிலை படத்தைக் காட்டி, ‘தாத்தா, இது நீதானே’ன்னு கேட்டப்பதான் எனக்கே தெரியும். செத்தது அவன், நிக்கிறது என் மூஞ்சி. அவங்க புருஷன்னு நம்பி வந்துட்டிருக்காங்க. எந்த வாயால சொல்றது? நாலு நாளா வரேன், கிட்டப் போனா நாக்கு எழ மாட்டேங்குது.”

பின்னால் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது.

“நாலு நாளா ஒருத்தர் தூணுக்குப் பின்னாடி நிக்கிறது எனக்குத் தெரியாதா என்ன? அதான் திரும்பி வந்தேன்,” என்றார் நாலு மணி அம்மா.

அவர் பதறிப்போய்க் கைகளைக் கூப்பினார். “என்னை மன்னிச்சிடுங்கம்மா. நாளைக்கே எழுதிக் குடுத்து இதை மாத்தச் சொல்லிடுறேன்.”

அந்த அம்மா அவருடைய மூக்கை, முகவாயை, நரைத்த புருவத்தை நிதானமாகப் பார்த்தார்.

“இது அவர் இல்லன்னு திரையை விலக்கின அன்னிக்கே எனக்குத் தெரியும். யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு.” கூப்பிய அந்தக் கைகளை அவர் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்.

“இருக்கட்டும் அண்ணே, அவர் காப்பாத்தின முகம்தானே!”