முதல் வரிசைக்குக் கேட்காத குரல்

"என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. உதட்டை மட்டும் பாருங்க," என்றாள் மனைவி, குடியுரிமை அலுவலகத்தின் கூடத்தில் யாருக்கும் கேட்காமல்.

"எனக்கே சொல்லித் தர்றியா? எத்தனை ராஜா வேஷம் கட்டினவன் நான்!" என்றார் ராஜபார்ட். நாடகக் குழுவில் அவருக்கு அதுதான் பெயர். வீட்டிலும் கிரீடத்தைக் கழற்றி வைத்ததாக வரலாறு இல்லை.

"சரி ராஜா, இந்த நாட்டுக் கொடியில எத்தனை நிறம்?"

ராஜபார்ட் கூரையைப் பார்த்தார். கூரையில் கொடி எதுவும் பறக்கவில்லை.

நாடகம் போட வந்து, வந்த நாட்டிலேயே தங்கிவிட்ட குடும்பம் அது. மேடையில் அவர் முழங்குவார். திரை மறைவில் நின்று அவள் வசனம் எடுத்துக் கொடுப்பாள். கைதட்டல் அவருக்கு, தொண்டைக் கட்டு இவளுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டு காலம் ஓடியது.

போன வருடம் நாடகத்தின் நடுவில் அவர் மயங்கி விழுந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு இயல்பாக நடித்ததே இல்லை என்று குழுவினரே பேசிக்கொண்டார்கள். மூளையில் ரத்தக் கசிவு என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஞாபகம் சல்லடையாகிவிட்டது. தலைக்கனம் மட்டும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

இப்போது வேறொரு நாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். "அம்மா, நீ பக்கத்துல இருந்தா போதும்மா," என்று தினமும் போனில் அழுகிறாள். குடியுரிமை இல்லாமல் கிளம்பினால் திரும்பி வர முடியாது. திரும்பாவிட்டால் இங்கே நடக்கும் இவருடைய வைத்தியம் நின்றுவிடும். கணவன் மனைவியில் ஒருவர் தேர்வில் தேறினால் மற்றவருக்கும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் ஒரே நம்பிக்கை.

போன வாரம் அலுவலகத்திலிருந்து வந்த போனை எடுத்துப் பேசிவிட்டு ராஜபார்ட் அறிவித்தார். "தேர்வுக்குக் கூப்பிடறாங்க. ரெண்டு பேரும் வரணுமாம். கைத்தாங்கலுக்கு நீயும் வா."

"வேணும்னா நான் பதில் சொல்றேனே?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"நீ என்னைக்காவது மேடை ஏறியிருக்கியா?" என்றார் அவர்.

இப்போது தேர்வு அறைக்குள், மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி, சுவரோரம் இன்னொன்று. அதிகாரியம்மா எதிர் நாற்காலியை அவளுக்குக் காட்டி முடிப்பதற்குள் ராஜபார்ட் அதில் ஏறி அமர்ந்து பட்டாபிஷேகம் செய்துகொண்டார். அதிகாரியம்மா ஏதோ சொல்ல வந்தவர், என்ன நினைத்தாரோ, சும்மா இருந்துவிட்டார். அவள் ஓர நாற்காலியை அவர் தோளருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நாட்டோட தலைமையைத் தேர்ந்தெடுக்கிறது யாரு?"

உதட்டைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும். ராஜபார்ட்டா திருப்புவார்? சபையைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழக்கமில்லாதவர். வேறு வழியின்றி அவள் காதோரம் முணுமுணுத்தாள். "மக்கள்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "மக்கள்! மகத்தான மக்கள்!" நெஞ்சில் கை வைத்துக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். மூலையில் இருந்த பிரிண்டர் மட்டும் லேசாகச் செருமியது.

"கொடியில எத்தனை நிறம்?"

"மூணு," என்றாள் அவள், காற்றைப் போல.

"மூன்று! மூன்றே மூன்று!"

"சட்டம் போடறது எங்கே?"

"நாடாளுமன்றம்."

"நாடாளுமன்றத்தில்தான் என்று அறைந்து சொல்வேன்!" மேஜை மேல் உண்மையாகவே அறைந்தார்.

அவள் குரல் முதல் வரிசைக்குக் கேட்காது. அதுதான் அவளுடைய தொழில் சுத்தம். ஆனால் இங்கே முதல் வரிசை கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அதிகாரியம்மாவின் பார்வை அவளை விட்டு நகரவே இல்லை. ராஜபார்ட் முழங்குவதற்கு முன்பே அந்தம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"கடைசிக் கேள்வி. இந்த நாட்டுக் குடியுரிமை எதுக்காக வேணும்?"

இதற்கு அவள் எதையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. "பொண்ணு பிரசவத்துக்குப் போகணும்... திரும்பி வந்து இவரைக் காப்பாத்திக்கணும்," என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அழுதுவிட்டாள்.

ராஜபார்ட் முழங்கவில்லை. அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆரம்பத்திலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் பதறி எழுந்தாள். "தப்பு என்னோடதுங்க. அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க. உடம்பு முடியாத மனுஷன்."

"அவளைத் திட்டாதீங்கம்மா," என்றார் ராஜபார்ட் மெதுவாக. "அவ சொல்லாம எனக்கு ஒரு வரி வராது. உடம்புக்கு வந்ததுக்கு அப்புறம்னு இல்ல. என்னைக்குமே வந்ததில்ல."

அவள் திகைத்துப் போனாள். இந்த வசனத்தை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

அதிகாரியம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, உங்க டாக்டர் சொன்ன அன்னைக்கே உங்களுக்குத் தேர்வு வேண்டாம்னு விட்டாச்சே, போன்லயே சொன்னோமே."

"அப்போ இவ்வளவு நேரம் நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. தேர்வு உங்க வீட்டம்மாவுக்கு, அவங்க பாஸ்!"