வோல்டேஜ் ஏத்துன ஆளு

"யாரும் கை வெக்கலன்னு எத்தினி தடவைங்க சொல்றது?"

காவேரி மேசையைத் தட்டிய வேகத்தில் ஸ்க்ரூ டப்பா துள்ளி விழுந்தது. சர்வீஸ்காரர் மாதவராஜ் நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற குருவைப் பார்த்தார்.

"பாருங்க தம்பி. இந்தக் கிராபிக்ஸ் கார்டுக்கு இவ்ளோதான் வோல்டேஜ்னு கம்பெனி ஒரு எல்லை வெச்சிருக்கு. வேகம் வேணும்னு யாரோ அதத் தாண்டி ஏத்தியிருக்காங்க. ஓவர்க்ளாக். தாங்காம சிப்பு வெந்துபோச்சு. இதுக்கெல்லாம் வாரண்டி கெடையாது."

குரு அவளுக்கு அத்தை மகன். பொட்டப்புள்ளையைத் தர்மபுரிக்குத் தனியாக அனுப்பக் கூடாதென்று அப்பா துணைக்கு அனுப்பிய ஆள். பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறினதும் ஜன்னல் சீட்டைக்கூட அவன்தான் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கார்டுதான் காவேரிக்குச் சோறு. அரூர் இன்ஜினியர்களுக்கு, கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது அவள் வேலை. அது நின்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு கிளம்பிவிடும். குடும்பத்தில் முதல் டிகிரி என்ற பெருமையெல்லாம் ஒரு வாரம் தாங்காது. மாப்பிள்ளையும் முடிவாகியிருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறானே, இவன்தான்.

"மெமரியையும் ஏத்தியிருப்பாங்க," என்றார் மாதவராஜ், குருவிடமே.

"மெமரியத் தொடல!" காவேரி பாய்ந்தாள். "எதையுமே யாரும் தொடலைங்கறேன்."

கார்டில் பதிந்திருந்த செட்டிங்கைக் காட்டிய திரையை அவர் பார்த்தார். "அட, ஆமா. மெமரி அப்பிடியேதான் இருக்குது." பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. "ஆனா ஒண்ணு தம்பி. இதச் செஞ்சவன் லேசுப்பட்டவன் இல்ல. கம்பெனி பூட்டி வெச்சத ஒடச்சி, கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, இந்த வேகத்துக்குக் கொண்டாந்திருக்கான். எனக்கே இது வராது. நீங்கதான?"

குரு தரையைப் பார்த்து இளித்தான். "ஹி... சும்மா, யூடியூப் பாத்துதாங்கண்ணா."

பென்டிரைவை எந்தப் பக்கம் செருகுவதென்று நேற்றுவரை இவனுக்குத் தெரியாது. காவேரிக்குக் காது மடல் சுட்டது.

"கையக் குடுங்க!" மாதவராஜ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மூளைக்காகச் செய்யறேன். தானாப் போச்சுன்னு எழுதி அனுப்பிடறேன். அடுத்த வாரம் புதுக் கார்டு வந்துரும்."

அப்புறம்தான், முதல் தடவையாக, காவேரி பக்கம் திரும்பினார். "நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும் பாப்பா. மாமன்கிட்டயே கத்துக்க. பொம்பளப் புள்ளைங்க மவுசு புடிக்கறதே பெருசு."

"கல்யாணம் ஆவட்டுங்கண்ணா, நான் சொல்லித் தந்துக்கறேன்," என்றான் குரு.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கார்டு வந்துவிடும், வேலை பிழைத்துவிடும். காவேரி பல்லைக் கடித்தாள். நகம் உள்ளங்கையில் பதிய முஷ்டியை இறுக்கிப் பார்த்தாள். ஆகவில்லை.

"யோவ், ஏத்துனது நாந்தான்யா!"