ஹாஃப் கிளட்ச்

"உங்க நர்ஸம்மா வண்டி ஓட்டற லட்சணத்தைப் பாருங்க ஐயா!"

கருகிப்போன கிளட்ச் பிளேட்டை டைரக்டரின் மேஜை மேல் வைத்தான் மெக்கானிக்.

டைரக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "புதுசா மாட்டினதாச்சே?"

"அதுதான் இது. இப்ப வேற மாட்டியிருக்கேன். இதையும் கருக்கினா ஸ்டோர்ல பாக்கி ஒண்ணே ஒண்ணு. அப்புறம் கப்பல்ல சரக்கு வர்ற வரைக்கும் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்."

கடல் தாண்டி வந்து, இந்தக் கிறிஸ்தவ உதவி நிறுவனத்தின் வண்டிகளைக் கட்டி மேய்ப்பவன் அவன். ஊரில் மனைவிக்கு நிறைமாசம். 'வர்றீங்களா, மாட்டீங்களா?' என்று ஃபோனில் அழுகிறாள். லீவு கேட்டால், நோயாளி வேன் ஒழுங்காக ஓடினால்தான் லீவு என்று டைரக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மலைக் குடியிருப்புகளிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவர இருப்பது அந்த ஒரு வேன்தான்.

"அவங்ககிட்ட இருந்து சாவியை வாங்கிடுங்க ஐயா. டவுன்ல இருந்து டிரைவர் ஒருத்தரைப் போடுங்க. நான் நிம்மதியா ஊர் போய்ச் சேர்றேன்."

"இன்னைக்கு மலைக்குப் போறாங்க. நீயும் கூடப் போ. அவங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னு நீ வந்து சொல்லு, சாவியை வாங்கிடறேன்."

போகும்போது நர்ஸம்மா அமர்க்களமாக ஓட்டினார். கியர் மாறுவதே தெரியவில்லை. கல்லும் குழியுமான பாதையில் வேன் துள்ளிக் குதித்து ஏறியது. கிளட்ச் பக்கம் கால் வீணாகப் போகவே இல்லை.

'நான் பக்கத்துல இருக்கேன்ல, நடிக்கிறாங்க' என்று பல்லைக் கடித்தான்.

மேலே, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்து வேனில் படுக்க வைத்தார்கள். அவளுடைய அம்மாவும் ஏறிக்கொண்டாள். அதற்குள் மெக்கானிக் வேனைப் பலமுறை சுற்றி வந்துவிட்டான். ஃபோனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. வீட்டில் என்ன நிலவரமோ?

திரும்பும்போதுதான் ஆரம்பித்தது. எதிரே ஒரு மேடு. நர்ஸம்மா கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தார். எஞ்சின் உறுமியது. வேன் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கருகல் வாடை குப்பென்று ஏறியது.

"காலை எடுங்க சிஸ்டர்!"

"எடுத்தா வண்டி துள்ளும் தம்பி."

"துள்ளினா துள்ளட்டும்! கிளட்ச் எரியுது. எரியறது கிளட்ச் இல்லை, என் லீவு! எங்க வீட்லயும் ஒருத்தி இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. உங்க காலால நான் போய்ச் சேர முடியாம கெடக்கேன், தெரியுமா?"

நர்ஸம்மாவின் முகம் சட்டென்று மாறியது. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார்.

வேன் தூக்கிப் போட்டது.

பின்னாலிருந்து அலறல் எழுந்தது. மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் உதட்டைக் கடித்திருந்தாள், ரத்தம் கசிந்தது. அவளை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்த அம்மாக்காரி இவனைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல்தான்.

அவன் சட்டென்று முன்னால் திரும்பினான்.

"சிஸ்டர்... கிளட்ச்ல கால் வைங்க."

"எரியுமே தம்பி?"

"வைங்கன்றேன்ல!"

அதன் பிறகு வழி நெடுக அவன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தான். "இடது பக்கம் பள்ளம்... மெதுவா... இப்ப கல்லு வருது, வலது பக்கம் ஒடிங்க... அப்படியே, அப்படியே..."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நர்ஸம்மா உள்ளே ஓடினார். மெக்கானிக் வேனுக்கு அடியில் புகுந்து பார்த்தான். கிளட்ச் அனலாய்க் கொதித்தது. இனி அதிக நாள் தாங்காது. டைரக்டரிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் லீவு போச்சு. பொய்யைச் சொன்னால் நர்ஸம்மா கையிலிருந்து சாவி போச்சு. வெளியே வந்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தான். கடைசியில் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு டைரக்டர் அறைக்கு நடந்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் சிரித்தார்.

"நீ ஜெயிச்சுட்டப்பா. உன் லீவுல கையெழுத்துப் போட்டாச்சு."

மேஜை மேல் வேன் சாவி கிடந்தது.

"இது...?"

"பிரசவ வார்டுல பொண்ணை விட்ட கையோட நர்ஸம்மா நேரா இங்கதான் வந்தாங்க. 'எனக்குச் சரியா ஓட்டத் தெரியலை, தப்பு முழுக்க என் மேலதான். வேற டிரைவரைப் போடுங்க. மெக்கானிக் தம்பியை முதல்ல ஊருக்கு அனுப்புங்க, அவர் வீட்டுக்காரி பக்கத்துல ஆள் வேணும்'னு சொல்லி, சாவியை வச்சுட்டுப் போயிட்டாங்க."

மெக்கானிக் சாவியை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அவங்க பொய் சொல்லியிருக்காங்க ஐயா."

"பொய்யா! தினம் காலையில நமக்கெல்லாம் ஜெபம் நடத்தற அம்மாவா?"

"அவங்களேதான். அவங்க மாதிரி ஓட்ட இந்த ஊர்ல ஆள் கிடையாது. சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும். ஸ்டோர்ல இருக்கற பிளேட்டை இப்பவே மாட்டிட்டு நான் கிளம்பறேன். அது தீர்றதுக்குள்ள குழந்தை முகத்தைப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

டைரக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சரிப்பா. அதுவரைக்கும் கிளட்ச்சைக் கருக்காம ஓட்டச் சொல்லி அவங்களைக் கண்டிச்சு வைக்கறேன்."

வாசல் வரை போன மெக்கானிக் பதறிப்போய்த் திரும்பினான்.

"ஐயையோ, வேண்டாம் ஐயா! நல்லா கருக்கச் சொல்லுங்க!"