நகல் அழுகை

பாட்டுக்கும் சோப்புக்கும் உரிமைப் பதிவு எண் கொடுத்ததுபோலவே, பிறக்கிற குழந்தையின் முதல் அழுகைக்கும் எண் வந்துவிட்டது. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிரசவ வார்டு நர்ஸ் அமலோற்பவத்துக்கு இதில் ஒரு நாளும் சிக்கல் வந்ததில்லை. குழந்தை அழும், சுவரில் இருக்கும் கருவி கேட்கும், எண்ணைக் கொடுக்கும்.

பவளக்கொடிக்குப் பிறந்தது இரட்டை. முதலில் வந்த பையன் வார்டே அதிர அழுது எண் வாங்கிவிட்டான். பதினோரு நிமிடம் கழித்து வந்த பெண் குழந்தையும் அச்சு அசலாக அப்படியே அழுதது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏற்கெனவே பதிவான அழுகையின் நகல். உரிமையாளரின் அனுமதி தேவை."

அமலோற்பவம் குழந்தையின் உள்ளங்காலில் சுண்டிப் பார்த்தாள். மறுபடியும் அதே அழுகைதான்.

"இப்ப என்னங்க சிஸ்டர் பண்றது?" என்றாள் பவளக்கொடி.

"உரிமையாளர்கிட்டதாம்மா கேக்கணும்."

உரிமையாளர் தொட்டிலில் விரல் சப்பிக்கொண்டிருந்தார். அமலோற்பவம் அவருடைய பாதத்தில் மை தடவி, அனுமதிப் படிவத்தின் அடியில் பதமாக ஒற்றி எடுத்தாள். அவர் ஆட்சேபிக்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் மீதி இருந்தது.

"தங்கச்சி அழுதுக்கலாம்னு அண்ணன் குடுக்குற அனுமதி எத்தனை நாளைக்குன்னு கேட்டிருக்கும்மா. என்ன போட?"

பவளக்கொடி மகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். யோசிக்கவெல்லாம் இல்லை.

"பொண்ணாப் பொறந்துட்டாளே சிஸ்டர். ஆயுசுக்கும்னே போட்டுருங்க."