இன்னொரு கரண்டி

சமையலறைக் குக்கர் சாதம் தருவதற்கு முன் தணிகாசலத்தின் மணிக்கட்டுப் பட்டையைத்தான் கேட்கும். சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்த அவர், எடைப்பையைத் தூக்கிக்கொண்டு இருபது முறை உட்கார்ந்து எழுந்தால்தான் மூடி திறக்கும். அப்போதே பட்டை ரத்தச் சர்க்கரையையும் அளந்துவிடும்.

முட்டி வலியில் அவர் முனகுவதைப் பொறுக்காமல், மனைவி சுலோசனா பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு தூக்க ஆரம்பித்தாள். மூன்று மாதமாயிற்று. பட்டை வாராவாரம் எடையைக் கூட்டியது. சர்க்கரை இறங்குகிறதென்று சாதத்தையும் கூட்டியது.

இன்று சுகாதார ஆய்வாளர் பூங்கோதை நேரிலேயே வந்துவிட்டாள்.

“பன்னெண்டு கிலோ தூக்குறீங்கன்னு பதிவாகியிருக்கு. பை வேணாம், சும்மா ஒரு தடவ எழுந்து காட்டுங்க ஐயா.”

தணிகாசலம் நாற்காலியின் கையைப் பிடித்து எம்பினார். முடியவில்லை. மறுபடி எம்பினார். சுலோசனா யோசிக்காமல் அவர் அக்குளில் கை கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கி நிறுத்திவிட்டாள்.

பூங்கோதை அவள் கையையே பார்த்தாள். பட்டையை எடுத்து அவர் மணிக்கட்டில் இறுக்கி மாட்டினாள்.

சர்க்கரை முன்னூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது.

“நேத்து தொண்ணூத்தெட்டுதானே காட்டுச்சு?” என்றார் அவர்.

“அது என்னோடதுங்க.”

சுலோசனா முறுக்கேறிய தன் வலது கையைப் பார்த்தாள். நம்பர் நன்றாக இருக்கிறதென்று, அந்தக் கையால்தான் தினமும் அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள்.