பாஸ்வேர்டு கேட்காத வைஃபை

ரூட்டர் வாங்க வக்கில்லாத வீட்டில் போன்தான் ரூட்டர்.

அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, டவர் கிடைக்கும் இடம் தேடி அலைந்தேன். அரிசி டப்பா மேல் வைத்தேன், சிலிண்டர் மேல் வைத்தேன், மாதா படத்துக்குப் பக்கத்திலும் வைத்தேன். ஒரு கோடு வரும், லேப்டாப்பில் பக்கம் பாதி திறக்கும், அப்படியே நின்றுவிடும்.

ஐந்து மணிக்குள் கவுன்சிலிங்கில் காலேஜைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். விட்டால் இந்த வருஷம் போச்சு. அம்மாவோடு பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போக வேண்டியதுதான்.

பின்பக்க ஜன்னலைத் திறந்து அங்கே வைத்தால் டவர் நன்றாகக் கிடைக்கும். அம்மா விடவில்லை. பின் லைன் வீடுகளிலிருந்து பஞ்சுத் தூசி வருகிறதாம். அப்பா பெங்களூர் போனதிலிருந்து அந்த ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. வெக்கையில் வெந்து சாகிறோம்.

அப்பா இருந்தால் இந்தப் பாடே இல்லை. ப்ளஸ் டூ முழுக்க அவர் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் இந்த லேப்டாப்பில் படித்தேன். பெங்களூர் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்களாம், அதனால்தான் கூப்பிடுவதில்லையாம். அம்மா சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமையுமா விடமாட்டார்கள்? எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

நாலரைக்கு அம்மாவின் போன் சூடாகி அணைந்துபோனது.

இனி ஒன்றும் ஆகாது என்று லேப்டாப்பை மூடப் போனேன். பாதியில் நின்ற பக்கம் மளமளவென்று திறந்தது.

நான் எதையும் தொடவில்லை. அது பாஸ்வேர்டும் கேட்கவில்லை. பழகிய வைஃபை என்றால் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

மூலையில் பெயரைப் பார்த்தேன்.

‘ஜோதிகா அப்பா’.

என் பெயரைச் சேர்த்து அப்பா தன் போனுக்கு ஆசையாக வைத்த பெயர். கோடு முழுசாக இருந்தது. ஹாட்ஸ்பாட் பெங்களூரிலிருந்து வராது. நாலு வீடு தாண்டினாலே செத்துப்போகும்.

“அம்மா, இங்க வா” என்று கூப்பிட்டேன்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

“பின்வீட்டுக்காரி மவ ஸ்கூல் விட்டு வந்திருப்பா. அவளுக்குக் கார்ட்டூன் முடிஞ்சதும் ஒங்கப்பா ஆஃப் பண்ணிருவாவ. அதுக்குள்ள அனுப்பிருட்டி.”